ஆடுகளமும் அடுகளமும்

விளையாட்டு என்பது சிறார்க்கும் ஓய்வு நேரத்துக்கும் உரியதென எண்ணுதல் உலக வழக்கு. போரோ உயிரையும் நாட்டையும் பணயமாக வைத்து நிகழ்வது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றினும், கடந்த இருநூறு ஆண்டுகளாகப் படைத்தலைவர் பலர் மேசையைச் சுற்றி நின்று, தேசப்படத்தின்மீது காய்களை நகர்த்திக் கவறு உருட்டிப் பார்த்த பின்னரே தம் படைகளைக் களத்துக்கு அனுப்பியுள்ளனர். ஆடுகளத்தில் இழக்கப்படுவன காய்கள்; அடுகளத்தில் இழக்கப்படுவன உயிர்கள். ஆதலால், நேரக்கூடிய தோல்வியை முதலில் ஆடுகளத்திலேயே கண்டுகொள்ளுதல் அறிவுடைமை ஆகும்.

ஆயின், ஆடுகளத்தில் நேர்ந்த தோல்வியைத் தோல்வியென ஒப்புக்கொள்ளாதவர் நிலை யாதாகும்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்த நிகழ்ச்சியொன்று 1942ஆம் ஆண்டில் யப்பானியக் கடற்படையில் நிகழ்ந்தது. அதற்குச் சில கிழமைகளுக்கு முன்னர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு பொழிந்ததும் அக்கடற்படையே. ஆதலின் அந்நிகழ்ச்சி இலங்கை மக்களுக்கு முற்றிலும் அயலானதன்று.

போர் விளையாட்டின் தோற்றம்

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரால் அமைந்த சதுரங்கம், போரைப் பலகையில் அமைத்துக் காட்டிய பழைய ஆட்டமாகும். இந்தியாவிலிருந்து பாரசீகம் வழியாக அது மேனாடுகளை அடைந்தது. 1780ஆம் ஆண்டில் பிரன்சுவிக் நகர ஆசிரியராகிய ஹெல்விக் என்பார் சதுரங்கப் பலகையை விரித்து, மலை, நீர்நிலை, சதுப்புநிலம் ஆகியவற்றைக் குறிக்கும் கட்டங்களைச் சேர்த்துப் புதியதோர் ஆட்டத்தை ஆக்கினார். எனினும் சதுரங்கத்தின் குறைகள் அதனை முற்றாக விட்டு நீங்கவில்லை. சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் அனைத்தும் கண்முன்னே நிற்கின்றன. போரிலோ எதிரி மலைக்கு அப்பால் மறைந்திருப்பான். சதுரங்கத்தில் வெட்டும் காய் தவறாது வெட்டும். போரிலோ வலியவனும் சில வேளைகளிற் சறுக்குவான்.

இக்குறைகளை நீக்கியவர் பிரசிய நாட்டுப் பீரங்கிப்படை இளம் அதிகாரியாகிய றைஸ்விற்ஸ் ஆவர். அவர் தந்தையார் 1812ஆம் ஆண்டில் அரசர்க்குக் காட்டிய ஆட்டத்தைத் திருத்தி, 1824ஆம் ஆண்டில் அதன் விதிகளை அவர் நூலாக வெளியிட்டார். கட்டங்கள் நீங்கின, 8000க்கு ஒன்று என்னும் அளவில் வரையப்பட்ட உண்மையான தேசப்படம் பலகையாயிற்று. ஒவ்வோர் ஆட்டச் சுற்றும் இரண்டு நிமிட நேரத்தைக் குறித்தது. அந்நேரத்தில் காலாட்படையும் குதிரைப்படையும் எவ்வளவு தூரம் செல்லக்கூடுமோ அவ்வளவே காய்கள் நகரலாம். மோதலின் விளைவைக் கவறும் அட்டவணையும் தீர்மானித்தன.

எல்லாவற்றிலும் சிறந்த புதுமை நடுவர் ஆவர். இரு பக்கத் தலைவரும் தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். எதிரியின் படைகளுள் ஒரு தலைவரின் கண்ணுக்குப் புலனாகக்கூடியவற்றை மட்டும் நடுவர் படத்தில் வைத்துக் காட்டுவார். முழு உண்மையையும் அறிந்தவர் நடுவர் ஒருவரே. இவ்வாட்டத்தை முதலில் ஐயத்தோடு நோக்கிய படைத்தலைமையதிகாரி மூவ்லிங், பார்த்து முடிந்ததும், இஃது விளையாட்டன்று, போருக்கான பயிற்சியே என வியந்து, படையினர் அனைவர்க்கும் அதனைப் பரிந்துரைத்தார் என்பர். 1870-71இல் பிரான்சைப் பிரசியா வென்றபின் பிற நாட்டுப் படைகளும் இம்முறையை நாடின.

காலப்போக்கில் அட்டவணைகள் பெருகி ஆட்டம் மந்தமாயிற்று. ஆதலால் 1876ஆம் ஆண்டில் வேடி டு வேர்னுவா என்னும் ஜேர்மானியப் படையதிகாரி, அட்டவணைகளை ஒதுக்கி, நடுவரின் அனுபவத்துக்கே தீர்ப்பை விட்டுவிடும் முறையை வகுத்தார். ஆட்டம் விரைவாயிற்று, ஆனால் அதன் நேர்மை முழுவதும் ஒரு மனிதரின் நேர்மையைச் சார்ந்ததாயிற்று. பின்னர் நேர்ந்த தீங்குக்கு இம்மாற்றம் இடந்தரக்கூடியது என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கடுந்தாக்குதலைத் திட்டமிடல்

படையினரிடமிருந்து இவ்விளையாட்டு இல்லங்களுக்கும் பரவியது. எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியர் பொம்மைப் போர்வீரரைக் கொண்டு ஆடும் விதிகளை 1913ஆம் ஆண்டில் நூலாக்கினார். 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சார்ல்ஸ் ரொபேட்ஸ் என்பார் அட்டைப்பலகையிலும் அட்டைக்காய்களிலும் அமைந்த ஆட்டமொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவர் நிறுவிய நிறுவனம் 1958ஆம் ஆண்டில் கெற்றிஸ்பேர்க் போரைப் பொருளாகக் கொண்ட ஆட்டத்தை வெளியிட்டது. அது முதல் வரலாற்றுப் போர்கள் பல வீட்டு மேசைகளிலே மீளவும் நிகழலாயின.

இத்தகைய ஆட்டங்களில் அரணை முட்டித் தாக்குதலே மிகக் கடினமான செயல். அதன் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அரணுக்குள் நான்கு காய்கள் உள்ளன. ஒவ்வொன்றின் வலிமையும் 3 எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 12. அரணின் காப்பினால் அது இருமடங்காகி 24 ஆகின்றது. தாக்குவோன் 47 வலிமையைத் திரட்டி வருகின்றான். ஏறத்தாழ இருமடங்கு எனத் தோன்றும். ஆனால் விகிதத்தில் வரும் பின்னத்தைக் காப்போனுக்குச் சார்பாகத் தள்ளிவிடுதல் இவ்வாட்டங்களின் பொது விதி. ஆதலால் 47க்கு 24 என்பது ஒன்றுக்கு ஒன்று என்றே கணிக்கப்படும். இன்னும் ஒரே ஒரு வலிமை சேர்ந்து 48 ஆகியிருப்பின் இரண்டுக்கு ஒன்று ஆகும். 72 ஆகின் மூன்றுக்கு ஒன்று ஆகும். ஒன்றுக்கு ஒன்று என்னும் நிலையில் தாக்குதல் பெரும்பாலும் தாக்கியோனையே சிதைக்கும்; மூன்றுக்கு ஒன்று என்னும் நிலையில் வெற்றிக்கு நல்ல வாய்ப்புண்டு. மூன்று மடங்கு வலிமை வேண்டுமென்னும் படைத்துறைப் பழமொழி இவ்வாறு பலகையிலும் இடம்பெறுகின்றது.

ஆனால் கணக்கு மட்டும் திட்டமாகாது. தேர்ந்த ஆட்டக்காரன் தாக்குமுன் ஐந்து வினாக்களைத் தன்னைத்தானே கேட்டுக்கொள்வான். முதலாவது: குறிக்கோள் ஒன்றா, பலவா? அரணைப் பிடிக்கவும் எதிரியின் வெளிப்படையை அழிக்கவும் ஒரே படையை ஏவினால் இரண்டும் கெடும். இரண்டாவது: வலிமை ஓரிடத்திற் குவிந்துள்ளதா? மூன்றாவது: காலம் யார் பக்கம்? குறித்த சுற்றுக்குள் அரண் வீழாவிடின் எதிரியின் துணைப்படை வந்துசேரும். நான்காவது: எதிர்பாராத நிகழ்ச்சிக்கென எப்பணியிலும் ஈடுபடுத்தாத சேமப்படை உண்டா? ஐந்தாவது: எதிரி செய்யக்கூடியவற்றுள் நமக்கு மிகக் கேடானது எது? இவ்விறுதி வினாவுக்கு விடைகாண மேசையின் மறுபக்கத்துக்குச் சென்று, எதிரியின் கண்களால் பலகையை நோக்க வேண்டும்.

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததும், தன்வலியோடு மாற்றான் வலியையும் தூக்கிப்பார்க்கச் சொன்னதும் இவ்வுண்மையை ஒட்டியனவேயாம். முதல் நான்கு வினாக்களுக்கும் ஒருவன் தனியே இருந்து விடை தேடலாம். ஐந்தாவதற்கோ உண்மையாகவே எதிர்த்து ஆடும் ஒருவரும், இருவருக்கும் பொதுவான ஒரு நடுவரும் வேண்டும்.

ஒரு கடற்படையின் இரு பாடங்கள்

யப்பானியக் கடற்படை போர் விளையாட்டை நெடுங்காலம் பயின்ற படை. பேர்ள் துறைமுகத்தைத் தாக்கும் திட்டத்தையும் அது 1941ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் தோக்கியோவிலுள்ள கடற்படைக் கல்லூரியில் ஆடிப்பார்த்தது. முதலாட்டத்தில் எதிரி முன்னரே அறிந்துகொண்டமையால் தாக்கியோர்க்குப் பெருஞ்சேதம் நேர்ந்தது. அத்தோல்வியை அவர்கள் மறைக்கவில்லை. வடக்கிலிருந்து அணுகும் வழியைக் கொண்டு மறுமுறை ஆடியபோது தாக்குதல் கைகூடியது. கப்பல்கள் குறைவாகச் செல்லும் அவ்வட வழியிலேயே உண்மைப்படையும் சென்று, 1941ஆம் ஆண்டு மார்கழி 7ஆந் திகதி பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. ஆடுகளத்தின் தோல்வி அடுகளத்தின் வெற்றிக்கு வழிகாட்டியது.

அத்தாக்குதலை நடத்திய அட்மிரல் நாகுமோவின் படை, 1942ஆம் ஆண்டு சித்திரையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்தது. சித்திரை 5ஆந் திகதி, ஈஸ்ரர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. சித்திரை 9ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் அமிழ்த்தப்பட்டது. யப்பானியர்க்கு இது பெருவெற்றி. ஆனால் அவ்வெற்றிக்குள்ளே இரண்டு எச்சரிக்கைகள் மறைந்திருந்தன.

முதலாவது கொழும்புத் தாக்குதல் நாளில் நேர்ந்தது. துறைமுகத்தை இரண்டாம் முறை தாக்கவேண்டுமென எண்ணி, கப்பல்களை எதிர்ப்பதற்கெனத் தோர்ப்பிடோ ஏந்தி நின்ற சேம விமானங்களுக்குத் தரைக்குண்டுகளை மாற்றிப் பூட்டுமாறு நாகுமோ ஆணையிட்டார். மாற்றிக் கொண்டிருக்கையில், கடலிற் பிரித்தானியக் கப்பல்கள் தென்படுவதாக வேவு விமானம் அறிவித்தது. ஆணை மீண்டும் மாறியது. கப்பற்றளத்திற் குழப்பம் விளைந்தது. அங்கு அகப்பட்டவை டோர்செற்சயர், கோண்வால் என்னும் இரு போர்க்கப்பல்களே. அவற்றுக்கு விமானத்துணை இல்லாமையால் பாய்ந்து குண்டுவீசும் விமானங்களே அவற்றை அமிழ்த்திவிட்டன. குழப்பத்துக்கு விலை கொடுக்க நேரவில்லை.

இரண்டாவது திருகோணமலைத் தாக்குதல் நாளில் நேர்ந்தது. இலங்கையிலிருந்து சென்ற பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்பது நாகுமோவின் கப்பல்களுக்கு நேர்மேலே வந்து சேர்ந்தன. தலைமைக் கப்பலாகிய அக்காகியைச் சுற்றிக் குண்டுகள் கடலில் வீழ்ந்து நீர் எழுந்த பின்னரே பகைவர் வந்தமை தெரிந்தது. ஒரு குண்டும் படவில்லை. வந்த விமானங்களுட் பல திரும்பவுமில்லை. படாத குண்டு பாடம் கற்பிக்கவில்லை.

யமாட்டோ கப்பலில் நிகழ்ந்த ஆட்டம்

நாகுமோவின் படை தாயகம் திரும்பிய சில நாட்களில், வைகாசி மாதம் 1ஆந் திகதி முதல் 4ஆந் திகதி வரை, யமாட்டோ என்னும் பெரும் போர்க்கப்பலில் அடுத்த திட்டம் ஆடிப்பார்க்கப்பட்டது. அது பசிபிக் சமுத்திர நடுவிலுள்ள மிட்வே தீவைப் பிடிக்கும் திட்டம். பேர்ள் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 2,100 கிலோமீற்றர் தொலைவில், பவளப்பாறை வேலி சூழ்ந்த இரண்டு சிறு தீவுகளே மிட்வே ஆகும். இத்தகைய இடத்தில் தரையிறங்குவோர், பாறைத் திட்டிற் படகு தட்டிய இடத்தில் இறங்கி, மறைவேதுமின்றிச் சுடுகலன்களுக்கு எதிரே நீரில் நடந்து கரைசேர வேண்டும். ஆதலால் தீவிலுள்ள விமானங்களையும் பீரங்கிகளையும் முன்னதாகவே அடக்கிவிடுதல் இன்றியமையாததாயிற்று. இப்பணி நாகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு அளிக்கப்பட்டது.

மேற்கூறிய ஐந்து வினாக்களால் இத்திட்டத்தை அளந்து பார்ப்பின் அதன் குறைகள் புலப்படும். குறிக்கோள் இரண்டு: தீவைப் பிடித்தல், அதனைக் காக்க வரும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களை அழித்தல். வலிமை குவியவில்லை: இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் வடக்கே அலூசியன் தீவுகளை நோக்கி அனுப்பப்பட்டன, தலைவர் யமமோட்டோவின் பெரும் போர்க்கப்பல்கள் நாகுமோவுக்கு நூற்றுக்கணக்கான மைல் பின்னே வர இருந்தன. காலமோ, நிலவொளியை நோக்கித் தரையிறங்கும் நாள் குறிக்கப்பட்டதனால் இறுகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, மிட்வே தாக்கப்பட்டதை அறிந்த பின்னரே அமெரிக்கக் கப்பல்கள் பேர்ள் துறைமுகத்திலிருந்து புறப்படும் என்பது முடிந்த முடிபாகக் கொள்ளப்பட்டது. எதிரி செய்யவேண்டியதையும் திட்டமே எழுதிக் கொடுத்துவிட்டது.

இவ்வாட்டத்தின் தலைமை நடுவர் றியர் அட்மிரல் உகாக்கி. அவர் யமமோட்டோவின் பணிக்குழுத் தலைவர்; திட்டமோ அப்பணிக்குழுவினால் ஆக்கப்பட்டது. ஆகவே திட்டத்தை முன்வைத்த இடத்திலிருந்தே அதற்குத் தீர்ப்பு வழங்குவோரும் வந்தார்.

ஆட்டத்தில் நடந்ததை, அங்கு உடனிருந்த ஒக்குமியா என்னும் அதிகாரி, புச்சிடா என்பாருடன் சேர்ந்து பின்னர் எழுதிய நூலிற் கூறியுள்ளார். நாகுமோவின் விமானங்கள் மிட்வேயைத் தாக்கச் சென்ற வேளையில், தீவிலிருந்து புறப்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அவர் கப்பல்களைத் தாக்கின. ஒக்குமியா கவறு உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன எனவும், அக்காகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் அமிழ்ந்தன எனவும் முடிவாயிற்று. உகாக்கி குறுக்கிட்டார். பட்டவை மூன்றே எனக் குறைத்தார். அக்காகி சிறு சேதத்துடன் மிதந்தது. காகா மட்டும் அமிழ்ந்தது. அடுத்து பீஜி, நியூ கலிடோனியாத் தீவுகளைத் தாக்கும் பகுதி ஆடப்பட்டபோது, அமிழ்ந்த காகாவும் கடலிலிருந்து எழுந்து அணியிற் சேர்ந்துகொண்டது.

இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. நாகுமோவின் விமானங்கள் மிட்வேயைத் தாக்கிக்கொண்டிருக்கையில், எதிரியின் விமானந்தாங்கிக் கப்பல்கள் பக்கவாட்டில் தோன்றினால் யாது செய்வது என்னும் வினா அவ்வாட்டத்தில் எழுப்பப்பட்டது. நாகுமோவின் பணிக்குழுவினர் அளித்த விடை தெளிவற்றதாயிருந்தது. உகாக்கியே இதனைக் கவனிக்குமாறு எச்சரித்தார். யமமோட்டோவும் சேம விமானங்களிற் பாதியைக் கப்பல்களை எதிர்க்கத்தக்க படைக்கலத்துடன் வைத்திருக்குமாறு அறிவுறுத்தினார். வினா சரியானது, எழுந்த நேரமும் சரியானது. ஆனால் திட்டம் மாறவில்லை. அக்கிழமையே பவளக் கடற்போரில் ஷோக்காக்கு சேதமுற்றது. சுயிக்காக்கு தன் விமானங்களுட் பலவற்றை இழந்தது. அதனால் நாகுமோவுக்கு ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களுக்குப் பதிலாக நான்கே எஞ்சின. அப்பொழுதும் திட்டம் மாறவில்லை.

அடுகளம் அளித்த தீர்ப்பு

மறுபக்கத்தில், பேர்ள் துறைமுகத்தில் றொச்போட் என்னும் அதிகாரியின் குழுவினர் யப்பானியரின் இரகசியக் குறியீட்டுச் செய்திகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். தாக்கப்படவுள்ள இடம் இரண்டெழுத்துக் குறியாற் சுட்டப்பட்டது. அஃது மிட்வேதானா என அறிய, அங்கு குடிநீர் ஆக்கும் பொறி பழுதுற்றதெனப் பொய்ச்செய்தியொன்றை வெளிப்படையாக அனுப்பச் செய்தனர். குறித்த இடத்தில் நன்னீர் குறைவு என யப்பானியர் தம் குறியீட்டில் அறிவித்தனர். ஐயம் நீங்கியது. பவளக் கடலிற் சேதமுற்று வந்த யோக்ரவுண் கப்பல் மூன்று நாட்களுள் பழுதுபார்க்கப்பட்டது. என்ரர்பிறைஸ், ஹோர்ணெற் என்பவற்றோடு அதுவும் மிட்வேயின் வடகிழக்கே, நாகுமோவின் பக்கவாட்டில், முன்னதாகவே சென்று காத்திருந்தது.

1942ஆம் ஆண்டு ஆனி 4ஆந் திகதி காலை 108 யப்பானிய விமானங்கள் மிட்வேயைத் தாக்கின. இன்னுமொரு தாக்குதல் வேண்டுமென அவற்றின் தலைவர் செய்தி அனுப்பினார். கப்பல்களை எதிர்க்கவென நின்ற சேம விமானங்களுக்குத் தரைக்குண்டுகளைப் பூட்டுமாறு நாகுமோ ஆணையிட்டார். சிறிது நேரத்தில் அமெரிக்கக் கப்பல்கள் தென்படுவதாக வேவு விமானம் அறிவித்தது; பின்னர் அவற்றுள் விமானந்தாங்கிக் கப்பலும் உண்டென்றது. கொழும்புக்கு அப்பாற் கண்ட குழப்பம் அப்படியே மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை எதிரே நின்றவை துணையற்ற இரு கப்பல்கள் அல்ல.

முதலில் வந்த அமெரிக்கத் தோர்ப்பிடோ விமானங்கள் ஏறத்தாழ முற்றாக அழிந்தன. ஹோர்ணெற் கப்பலிலிருந்து சென்ற 15 தோர்ப்பிடோ விமானங்களுள் ஒன்றேனும் திரும்பவில்லை. ஆனால் காலை ஏறத்தாழ 10.20 மணிக்குப் பாய்ந்து குண்டுவீசும் விமானங்கள் உயரத்திலிருந்து இறங்கின. சில நிமிடங்களுள் அக்காகி, காகா, சோரியூ மூன்றும் தீப்பற்றின. ஹிரியூ எஞ்சி நின்று யோக்ரவுணைச் சிதைத்தது. மாலையில் அதுவும் தீக்கிரையாயிற்று. யோக்ரவுண் பின்னர் நீர்மூழ்கிக் கப்பலொன்றால் அமிழ்த்தப்பட்டது. யப்பானியர் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரும் அமெரிக்கர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். மிட்வேயின் பவளப்பாறையை ஒரு யப்பானியப் படகும் நெருங்கவில்லை.

இங்கு ஒரு நுட்பத்தை உணர்தல் வேண்டும். ஆட்டத்திற் கவறு அறிவித்தபடி, தீவிலிருந்து சென்ற விமானங்கள் கப்பல்களை அமிழ்த்தவில்லை. அன்று காலை மிட்வேயிலிருந்து புறப்பட்டவை எத்துணை முயன்றும் நாகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள்மீது ஒரு குண்டையும் படச்செய்யவில்லை. அவ்வளவில் உகாக்கியின் திருத்தம் நேர்மையற்றதென முற்றாகக் கூறிவிட முடியாது. குண்டுகளின் தொகையைக் குறைத்ததற்கு அவரிடம் நியாயம் இருந்திருக்கலாம். புச்சிடாவின் கூற்றுக்கள் சிலவற்றைப் பிற்கால ஆராய்ச்சியாளர் மறுத்தும் உள்ளனர்.

ஆயின் போர் விளையாட்டு ஆரூடம் அன்று. நாளை நடப்பதை முன்னறிவித்தல் அதன் தொழிலன்று. நாளை என்ன நடந்தால் நாம் கெடுவோம் என வினாவுதலே அதன் தொழில். ஒன்பது குண்டுகள் என்பது விடையன்று. இரு கப்பல்களை இழந்தபின் இத்திட்டம் நிற்குமா என்பதே வினா. மூன்று குண்டுகள் எனத் திருத்தியபோதும், மாண்ட காகாவை எழுப்பியபோதும் அழிக்கப்பட்டது அவ்வினாவே. பக்கவாட்டில் எதிரி தோன்றினால் யாது செய்வது என்பதும் விடையின்றி விடப்பட்ட வினாவே. அதே பக்கத்திலிருந்து அழிவு வந்தது.

நடுவர் யார்?

1941ஆம் ஆண்டில் ஆட்டத்தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட அதே கடற்படை, 1942ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி எழுதியது ஏன்? இடையில் நேர்ந்தவை அனைத்தும் வெற்றிகளே. தொடர்ந்து வென்றவர்க்குத் தோல்வி என்பது கவறு செய்த பிழையாகத் தோன்றும். அதனோடு, திட்டத்தைக் காக்கக் கடமைப்பட்டவரே நடுவராகவும் அமர்ந்தமை அத்தோற்றத்துக்கு வலுவூட்டியது. பயிற்சி வினாத்தாளுக்குத் தானே புள்ளியிட்டுக் கொள்ளும் மாணவன், தன் பிழைகளை எழுத்துப்பிசகு என மன்னித்துவிடுவான். பரீட்சை மண்டபம் அவ்வாறு மன்னிப்பதில்லை.

இதற்கு மாறானதோர் எடுத்துக்காட்டு 1974ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சான்ட்ஹேர்ஸ்ற் படைக்கல்லூரியில் நிகழ்ந்தது. 1940ஆம் ஆண்டிலே ஜேர்மானியர் திட்டமிட்டுக் கைவிட்ட இங்கிலாந்துப் படையெடுப்பு, உண்மையில் நிகழ்ந்திருப்பின் யாதாகியிருக்கும் எனக் காண அங்கு பெரியதோர் ஆட்டம் ஆடப்பட்டது. நடுவர் குழுவிலே பிரித்தானியத் தளபதிகளோடு, முன்னாளில் அவர்க்குப் பகைவராயிருந்த ஜேர்மானிய விமானப்படைத் தளபதி கல்லண்ட், கடற்படைத் தளபதி றூகே, தரைப்படைத் தளபதி ரெற்னர் ஆகியோரும் ஒன்றாக அமர்ந்தனர். ஆட்டத்தில் ஜேர்மானியப் படைகள் கரையேறின. ஆனால் பிரித்தானியக் கடற்படை கால்வாயை அடைந்ததும் பின்னணிப்படையும் உணவும் வந்துசேரும் வழி அடைபட்டது. படையெடுப்புத் தோல்வியே என்பது நடுவர் அனைவரின் ஒருமித்த முடிபாயிற்று. இரு பக்கத்தாரும் இருந்து கூறிய தீர்ப்பாதலால் அதன்மீது எவரும் எளிதில் ஐயுற இடமில்லாமற் போயிற்று.

ஆகவே கடினமான தாக்குதலைத் திட்டமிடுவோன் எல்லாவற்றுக்கும் முன்னர் தேடவேண்டியவை இரண்டு: தன்னை வெல்ல உண்மையாகவே விரும்பும் ஓர் எதிராளி, தன் வெற்றியில் எவ்விதப் பற்றுமில்லாத ஒரு நடுவர். இவ்விரண்டும் இல்லாத இடத்திற் பலகை எத்துணைப் பெரிதாயினும், அட்டவணை எத்துணை நுட்பமாயினும், நடப்பது ஆட்டமன்று. தனக்குத்தானே கூறிக்கொள்ளும் ஆறுதலே.

2019ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திற் பெற்றல் என்னும் ஆராய்ச்சிக் கப்பல், மிட்வேக்கு அப்பால் 5,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலே அக்காகியையும் காகாவையும் கண்டுபிடித்தது. மேசையின்மீது ஒரு சொல்லால் மீட்டெடுக்கப்பட்ட அக்கப்பல்கள் கடலின் அடியில் உடைந்து கிடக்கின்றன. ஆடுகளத்தில் மாண்ட காகாவை எழுப்பிய கைக்கு, அடுகளத்தில் மாண்ட காகாவையும் அதனோடு சென்றோரையும் எழுப்பும் ஆற்றல் இருக்கவில்லை.